தோழியின் கூற்று: திருகோணமலையை முன்வைத்துப் பெண் தன்பாலீர்ப்பும் குறும்படமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் அகப்பாடல்களில் மிகுதியாகப் பேசும் பாத்திரங்களுள் ஒருத்தி தோழி. தலைவியின் மெலிவை முதலில் அறிபவளும், இரவுக்குறிக்கு வரும் தலைவனைத் தடுப்பவளும், வரைவு கடாவுபவளும், செவிலியிடம் அறத்தொடு நிற்பவளும் அவளே. தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகளாக வகுத்துரைக்கும். அதாவது, பிறப்பினாலேயே அவள் பிறிதொரு குடும்பத்திற்குப் பணிபுரியும் மரபினள். இத்துணை பேசும் தோழிக்கெனத் தனியொரு காதல் அவ்விலக்கியத்தில் இல்லை. அவளுக்குக் கூற்று உண்டு. களவும் இல்லை, கற்பும் இல்லை. அவளது அன்பு முழுவதும் மற்றொருத்தியின் காதலை மணத்திற் கொண்டுசேர்க்கும் உழைப்பாகவே இலக்கணத்தில் இடம்பெறுகின்றது.

தோழியை இன்றைய பொருளிலே தன்பாலீர்ப்புடைய பெண்ணாக நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது வரலாற்றுணர்வற்ற செயலாகும். ஆயின், பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான நெருக்கத்தைப் பேசுவதற்குத் தமிழ் மரபு அளித்த மிக விரிவான இலக்கிய வடிவம் தோழியே என்பதும், அவ்வடிவத்தினுள்ளே அந்நெருக்கம் வேட்கையாக வெளிப்பட இடமில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கன. பெண் தன்பாலீர்ப்புப் பற்றித் தமிழில் நிலவும் மௌனம் இயற்கையானதன்று; அது சொத்துறவும் சட்டமும் வெளிப்பாட்டுச் சாதனங்களின் உடைமையும் சேர்ந்து உருவாக்கியது. அம்மௌனத்தைக் கலைக்கும் சாதனமாகச் சுயாதீனக் குறும்படம் இன்று எழுந்துள்ளது. அதன் வாய்ப்புகளையும் வரம்புகளையும் திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் சமூக வரலாற்றினூடாக ஆராய்வதே இக்கட்டுரையின் பணியாகும். தனியொரு படத்தின் விமரிசனமாக இதனைக் கொள்ளலாகாது. அத்தகைய படங்கள் எழுவதற்கும் எழாமற் போவதற்கும் காரணமான நிலைமைகளே இங்கு ஆய்வுப் பொருள்.

1. துறைமுகமும் காதற்கதையும்

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. அச்சிறப்பே அதன் துயரமுமாயிற்று. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். ஒல்லாந்தரிடமிருந்து 1795இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அதனைத் தாக்கின. சுதந்திரத்தின் பின்னரும் 1957 வரை அது பிரித்தானியக் கடற்படைத் தளமாகவே இருந்தது. கொழும்பைப் போன்று வணிகத்தினால் வளர்ந்த துறைமுகமாகவன்றி, படைத்தளமாகவே திருகோணமலை வளர்ந்தது. சீருடை அணிந்த ஆண்கள் நிறைந்த நகரில் பெண்களின் நடமாட்டம் குடும்பத்தினாலும் சமூகத்தினாலும் கண்காணிக்கப்படுவது இயல்பு. இந்நிலை குடியேற்றவாத ஆட்சியுடன் முடிந்துவிடவுமில்லை.

இத்தகைய நகரிலிருந்தே ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க முயற்சிகளிற் சில தோன்றின. திருகோணமலை ச. இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வெளிவந்தது. திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் அச்சாயிற்று. தமிழின் முதல் வரலாற்று நாவலாகப் பலராலும் குறிப்பிடப்படுவது இது. ஆங்கிலக் கல்வி, அச்சு இயந்திரம், சென்னையுடனான கடல்வழித் தொடர்பு ஆகியவற்றின் சேர்க்கையாலேயே இவை இயன்றன.

நமது பொருளுக்கு இவற்றினும் முக்கியமானது, சரவணமுத்துப்பிள்ளை 1892இல் வெளியிட்ட ‘தத்தை விடு தூது’ என்னும் சிறு நூல். தூது என்ற பழைய பிரபந்த வடிவத்தை அவர் புதிய தேவைக்குப் பயன்படுத்தினார். மரபான தூதிலே தலைவி பாட்டுடைத் தலைவனை நினைந்து உருகுவாள். இந்நூலின் தலைவியோ கிளியைத் தூதனுப்பும் வாயிலாகப் பெண்ணுக்குக் கல்வி மறுக்கப்படுவதையும், மணமகனைத் தெரிவுசெய்யும் உரிமை மறுக்கப்படுவதையும் வினவுகின்றாள். பாரதியின் பெண்விடுதலைப் பாடல்களுக்கு முன்னரே ஒரு துறைமுக நகரத்தவர் இவ்வினாக்களை எழுப்பினார் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய செய்தி.

அதேவேளை அந்நூலின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். அங்கு கோரப்படும் உரிமை கணவனைத் தெரிவுசெய்யும் உரிமையே. தந்தையின் தெரிவிலிருந்து மகளின் தெரிவுக்கு மணம் இடம்மாறுகின்றது. மணம் என்ற நிறுவனம் அப்படியே நிற்கின்றது. பெண்ணின் குரலை எழுதியவரும் ஓர் ஆணே. இதனால் அவரது பங்களிப்பின் பெறுமதி குறைந்துவிடாது. அச்சு அக்காலத்தில் யார் கையில் இருந்ததோ, அவர்களது பார்வை எல்லையே பெண்ணின் பேச்செல்லையாகவும் அமைந்தது என்பதே இதனால் பெறப்படும் உண்மை.

2. அல்லியும் அரங்கும்

பெண் வேட்கைக்குத் தோழியின் வடிவம் இடமளிக்கவில்லையெனில், பெண்ணின் பால்நிலை வெளிப்பாட்டிற்கு மரபு அளித்த வடிவம் யாது? இவ்வினாவுக்கு விடை தேடுகையில் அல்லி அரசாணி நம் முன் வருகின்றாள். கதைப்பாடலாகவும் நாடகமாகவும் தமிழகத்திலும் ஈழத்திலும் பரவிய கதை அது. அல்லி மதுரையை ஆள்பவள், போர்க்கலை பயின்றவள், பெண்கள் சூழ வாழ்பவள், ஆண் துணையை வேண்டாதவள். கேட்போர் இரசித்த பகுதிகளுட் பல அவளது செருக்கையும் ஆட்சியையும் பற்றியனவே. எனினும் கதை அவளை அந்நிலையில் விட்டுவைப்பதில்லை. அருச்சுனன் வஞ்சகமாக அவள் பள்ளியறை புகுந்து, உறங்கும்போதே தாலி கட்டிவிடுகின்றான். சம்மதமின்றிக் கட்டிய தாலியே ஆணைப்போல் வாழ்ந்த பெண்ணைப் ‘பெண்’ ஆக்குகின்றது. நாட்டார் மனம் அவளை ஓரளவு கொண்டாடியது. அக்கதையின் முடிவோ நிலவுடைமைக் குடும்பத்தின் சட்டத்திற்குப் பணிந்தது. வாய்மொழி இலக்கியத்தின் இவ்விரட்டைத் தன்மையை நாம் தவறவிடலாகாது.

அரங்கிலும் இதனையொத்த சமமின்மை ஒன்றுண்டு. கூத்திலும் இசைநாடகத்திலும் ஆண்கள் பெண்வேடம் பூண்டு ஆடியது கலைமரபாக ஏற்கப்பட்டது. சிறந்த பெண்வேடக் கலைஞர்கள் புகழும் பெற்றனர். பெண்கள் மேடையேறுவதோ நெடுங்காலம் இழிவாகக் கருதப்பட்டது. ஆகவே, பால்நிலை வேடம் மாறுவது தமிழ்ச் சமூகத்திற்கு அந்நியமானது என்ற கூற்று ஆதாரமற்றது. வேடம் மாறும் உரிமை யாருக்கு இருந்தது என்பதே வினா.

3. சட்டம் கண்டதும் காணாததும்

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமாகும். அடுத்த ஆண்டிலேயே ஏங்கெல்சின் ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ வெளிவந்தது. ஒருதுணை மணம் சொத்துரிமையோடு பிணைந்து எழுந்த வரலாற்று நிறுவனம் என அந்நூல் வாதிட்ட காலத்திலேயே, பேரரசு அம்மணத்திற்குப் புறம்பான உறவுகளைத் தன் குடியேற்றங்களிற் குற்றங்களாக எழுதிக்கொண்டிருந்தது.

இச்சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு ‘இயற்கைக்கு மாறான’ உறவைத் தண்டித்தது. பின்னர் சேர்க்கப்பட்ட 365அ பிரிவு ஆண்களுக்கிடையிலான ‘ஒழுக்கக்கேட்டை’ மட்டுமே குறித்தது. பெண்கள் அதிற் பேசப்படவில்லை. இதனைக் கருணையெனக் கருதுதல் தவறு. 1921இல் பிரித்தானியாவில் பெண்களுக்கிடையிலான உறவையும் குற்றமாக்கும் முயற்சி நடந்தபோது பிரபுக்கள் சபை அதனை நிராகரித்தது. அத்தகைய சட்டம், அதைப்பற்றிக் கேள்விப்பட்டிராத பெண்களுக்கும் அதனை அறிமுகப்படுத்திவிடும் என்பதே அங்கு முன்வைக்கப்பட்ட முக்கிய வாதம். பெயரிடாமல் விடுவதும் ஆளும் முறைகளுள் ஒன்றென்பதை ஆளும் வர்க்கம் நன்கறிந்திருந்தது.

இலங்கையில் இம்மௌனம் 1995இல் கலைந்தது. அவ்வாண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டம், 365அ பிரிவில் ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் பாற்குறிப்பற்ற ‘ஆள்’ என்ற பொருள்படும் சொல்லை இட்டது. இதனால் பெண்களும் முதன்முறையாக அதன் வீச்சினுள் வந்தனர். பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியதும் அதே திருத்தச் சட்டமே. பெண்கள் இயக்கங்கள் நீண்டகாலம் கோரிய சீர்திருத்தங்களைத் தாங்கிவந்த சட்டம், சமத்துவத்தின் பெயரால் பெண்களில் ஒரு பிரிவினரைக் குற்றவாளிகளாக்கியது. சட்டத்தின் முன் சமத்துவம் என்ற முதலாளித்துவக் கோட்பாடு, உள்ளடக்கத்தை விடுத்து வடிவத்தை மட்டும் பற்றிக்கொள்ளும்போது என்னவாகும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

சில ஆண்டுகளிலேயே இதன் விளைவு பொதுவெளியிற் புலப்பட்டது. பெண் தன்பாலீர்ப்பாளரின் மாநாடொன்று குறித்து, அவர்கள்மீது பாலியல் வன்முறையை ஏவவேண்டும் எனும் பொருள்பட எழுதப்பட்ட வாசகர் கடிதமொன்றைக் கொழும்பு ஆங்கில நாளிதழ் ஒன்று வெளியிட்டது. அதற்கெதிரான முறைப்பாட்டைப் பத்திரிகைப் பேரவை 2000ஆம் ஆண்டில் நிராகரித்து, முறையிட்ட தரப்பையே செலவுத்தொகை செலுத்தப் பணித்தது. அத்தீர்ப்புக்கு அச்சட்டமும் துணைநின்றது.

கிழக்கு மாகாணத்திலேயே 2022இல் நிகழ்ந்த ஒரு சம்பவம் இச்சட்டத்தின் அன்றாட இயக்கத்தைக் காட்டும். இந்தியாவிலிருந்து வந்த பெண்ணொருவரும் அவரை நேசித்த உள்ளூர்ப் பெண்ணும் அக்கரைப்பற்றில் நீதவான் முன் நிறுத்தப்பட்டனர். இருவரும் மனநலப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டுமெனக் கட்டளையிடப்பட்டது. இருவரும் வயதுவந்தோர், எவருக்கும் தீங்கு செய்தவர்களல்லர். அவ்வாண்டிலேயே பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, றொசானா பிளேமர்-கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், இலங்கை தன் சட்டத்தால் அவரது உரிமைகளை மீறியுள்ளது என முடிவுசெய்தது. 2023 மேயில், இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் சட்டமூலம் நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

4. வீடு, போர், நகரம்

சட்டம் ஒன்றே அனைத்தையும் விளக்கிவிடாது. கிழக்கிலங்கையின் பல பகுதிகளில் வீடு மகளுக்குச் சீதனமாக வழங்கப்படுவதும், மணமகன் பெண்வீட்டிற்கு வந்து வாழ்வதும் நீண்டகால வழக்கு. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் இது காணப்படும். மேலோட்டமாக நோக்கின், தனக்கென வீடுள்ள பெண் தன் விருப்பப்படி வாழலாமெனத் தோன்றும். ஆனால் அவ்வுடைமை திருமணத்தினூடாகவே அவளை வந்தடைகின்றது. மணம் செய்யாத மகளுக்கு வீடு எப்போது, எவ்வாறு உரியதாகும் என்பது தெளிவற்ற வினா. பெண்ணின் பெயரில் உறுதி இருப்பதும், அவ்வீட்டில் யாருடன் வாழ்வதென அவள் தீர்மானிப்பதும் வேறு வேறானவை. பெண்ணுடைமை ஆணாதிக்கத்தை அகற்றிவிடும் என எளிதாக முடிவுகட்டுவோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

போர் இக்குடும்ப அமைப்பை உலுப்பியது. கணவரையும் மகனையும் இழந்தும், 2006இல் சம்பூரிலும் மூதூரிலும் நிகழ்ந்ததுபோல் ஊரையே இழந்தும் பெண்கள் குடும்பப் பொறுப்பை ஏற்றனர். விதவையர் இருவர் ஒரே அடுக்களையைப் பகிர்வதையும், ஒருத்தியின் பிள்ளைகளை மற்றொருத்தி வளர்ப்பதையும் சமூகம் குறைகூறுவதில்லை. அதனை ‘ஆதரவு’ என்று பாராட்டவும் செய்யும். அதே இரு பெண்கள் தம் உறவுக்குக் காதலெனப் பெயரிட்டால் அது குற்றமாகின்றது. பெண்களின் கூட்டுழைப்பைச் சமூகம் ஏற்கின்றது. அவர்களது வேட்கையை மறுக்கின்றது. அகப்பாடலின் தோழி நிலை இன்றைய வாழ்விலும் தொடர்கின்றது எனலாம்.

பால்நிலை வெளிப்பாட்டைப் பொறுத்தும் போர் முரணான விளைவுகளைத் தந்தது. ஆயுத இயக்கத்திற் சேர்ந்த பெண்கள் காற்சட்டை அணிந்தனர். பலர் முடியைக் கத்தரித்தனர். ஆண்களுக்கேயுரியனவாகக் கருதப்பட்ட தொழில்களைக் கற்றனர். அவர்களது உருவம் ஒளிநாடாக்களிற் போற்றப்பட்டது. ஆனால் அவ்வியக்கத்தில் காதலும் மணமும் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டனவாகவே இருந்தன. 2009இன் பின்னரோ குட்டைமுடி முன்னாட் போராளியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாயிற்று. பெண்ணின் கூந்தலின் நீளமும் அரசியலாகிய மண்ணில், தான் விரும்பிய தோற்றத்தில் நடமாடுவது வெறும் தனிமனித இரசனை என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

இவற்றைத் திரையிற் சொல்ல முற்படுவோருக்கு இந்நகர் ஒரு முன்னெச்சரிக்கையையும் அளித்துள்ளது. சஞ்ஜீவ புஷ்பகுமாரவின் ‘இகில்லென மாளுவோ’ (பறக்கும் மீன்கள்) திருகோணமலையைக் களமாகக் கொண்டு 2011இல் வெளிவந்த சுயாதீன முழுநீளப் படம். சீருடையினது அதிகாரமும் பாலுறவும் ஏழைகளின் உடல்கள்மீது எவ்வாறு இயங்குகின்றன என்பதை அது காட்டிற்று. 2013இல் கொழும்பில் நடந்த பிரெஞ்சுத் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டபின், படையினரை இழிவுபடுத்துகின்றது என்ற குற்றச்சாட்டுடன் அது தடைசெய்யப்பட்டது. பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்த, பன்னாட்டு விழாக்களில் அறியப்பட்ட இயக்குநருக்கே இந்நிலையெனின், துறைமுக வீதியில் வாழும் ஒரு தமிழ்ப் பெண் கமெராவைத் தூக்குகையில் எதிர்கொள்ளக்கூடியவை எவையென ஊகித்தல் கடினமன்று.

5. திரையும் அதன் உற்பத்திச் சாதனங்களும்

இலங்கைத் திரையில் இப்பொருளைத் துணிவுடன் கையாண்ட முக்கிய படம் அசோக ஹந்தகமவின் ‘தனி தட்டுவென் பியாம்பன்ன’ (ஒற்றைச் சிறகுடன் பறத்தல்). 2002இல் வெளிவந்த அப்படத்தில், மோட்டார் வாகனத் திருத்தகமொன்றில் ஆணாக வேலைசெய்து, ஒரு பெண்ணை மணந்து வாழ்பவரின் உடல் விபத்தொன்றின் பின்னர் மருத்துவரால் அறியப்படுகின்றது. அதன்பின் அவர் தொழிலையும் இல்லறத்தையும் மதிப்பையும் ஒருங்கே இழக்கும் நிலை எழுகின்றது. அவரைத் தன்பாலீர்ப்புடைய பெண்ணெனக் கொள்வதா, திருநம்பியெனக் கொள்வதா என்ற விவாதம் பயனற்றதன்று. ஆனால் படம் அதனைத் தீர்த்துவைக்க முயல்வதில்லை. பால்நிலை வெளிப்பாடும் பாலீர்ப்பும் வேறானவை. அதேவேளை இரண்டும் ஆண்கூலி, ஆண்தொழில், ஆண் குடும்பத்தலைமை என்ற ஒரே ஒழுங்கின் காவலுக்கு உட்பட்டவை. அத்திருத்தகத்தை மறந்துவிட்டு அப்பாத்திரத்தின் உடையை மட்டும் ஆராயும் விமரிசனம் பாதியையே காணும்.

தமிழிலும் அண்மைக்காலத்தில் இரு முயற்சிகள் குறிப்பிடத்தக்கன. மாலினி ஜீவரத்தினம் இயக்கிய ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்விமன்’ (2017) பெண் தன்பாலீர்ப்பாளர் பற்றிய தமிழ் ஆவணப்படம். சாதியொழிப்பை முன்னிறுத்தும் பா. ரஞ்சித்தின் நீலம் நிறுவனம் அதனைத் தயாரித்தது தற்செயலன்று. அகமண முறையே சாதியைக் காக்கும் வேலி எனக் கண்டோர், அவ்வேலிக்கு வெளியே நிற்கும் எல்லாக் காதலையும் ஓரணியிற் காண்பதில் தருக்க ஒழுங்கு உண்டு. சொர்ணவேல் ஈஸ்வரனின் ‘கட்டுமரம்’ (2019) தமிழகக் கரையோர மீனவக் கிராமத்தில் ஓர் ஆசிரியைக்கும் அங்கு வரும் பெண் ஒளிப்படக் கலைஞருக்கும் இடையே அரும்பும் காதலைச் சொல்லும். தாய்மாமன் மாப்பிள்ளை தேடும் வீட்டினுள்ளேயே அக்காதல் வளர்வதால், நம் கரையோரங்களிலுள்ளோர்க்கு அச்சூழல் அந்நியமாகத் தோன்றாது.

இவை யாவும் ஓரளவேனும் மூலதனமும் நிறுவனத் துணையும் வேண்டிய படங்கள். குறும்படத்தின் வரலாற்று முக்கியத்துவம் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. அமெரிக்காவில் பார்பரா ஹாமர் 1974இல் எடுத்த ‘டைக்டாக்டிக்ஸ்’ ஏறத்தாழ 4 நிமிடங்களே ஓடுவது. பெண்கள்மீதான பெண்ணின் பார்வையை அது திரையில் நிறுவியது. 1980களின் இறுதியில் மில்வாக்கியில் சேடி பெனிங் என்ற பதின்ம வயதினர், சிறுவர் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டதும் சாதாரண ஒலிநாடாவிற் படம் பதிவதுமான ஒரு கமெராவால் தம் படுக்கையறையிலிருந்தே குறும்படங்கள் எடுத்தார். தெளிவற்ற கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை. எனினும் அவற்றை எடுக்க அவர் எவருடைய அனுமதியையும் வேண்டி நிற்கவில்லை. பிரதீபா பர்மாரின் ‘குஷ்’ (1991) தெற்காசியத் தன்பாலீர்ப்பாளரைத் தம் வாயாலேயே பேசவைத்தது. இவற்றை இணைத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும்: கருவி மலிவானபோதெல்லாம், அதுவரை பேசப்பட்டோர் பேசுவோராயினர்.

ஈழத்தமிழர் மத்தியிலும் இதற்கொப்பான மாற்றம் நிகழ்ந்துள்ளது. போர்க்காலத்தில் வடகிழக்கில் ஒளிநாடாத் தயாரிப்பு பெரிதும் இயக்கத்தின் ‘நிதர்சனம்’ பிரிவின் கையில் இருந்தது. தொழில்நுட்பம் பரவியது, கருத்துத் தேர்வு பரவவில்லை. 2009இன் பின் கைப்பேசிக் கமெராவும் கணினித் தொகுப்பும் இளைஞர் கைகளை எட்டின. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் ஒரு கற்கைத் துறையாக உள்ளது. 1892இல் அச்சு சரவணமுத்துப்பிள்ளைக்கு ஆற்றிய பணியை இன்று கைப்பேசி ஒரு மாணவிக்கு ஆற்ற வல்லது. அன்று ஓர் ஆண் பெண்ணுக்காகக் கிளியை அனுப்பினார். இன்று அவள் தூதின்றிப் பேசலாம்.

ஆனால் கருவி மலிந்ததனாலேயே விடுதலை வந்துவிட்டதெனக் கருதுவது தொழில்நுட்ப மயக்கமாகும். மூன்று தடைகள் எஞ்சுகின்றன. முதலாவது, முகம். கவிஞர் புனைபெயரில் ஒளிந்துகொள்ளலாம். திரையில் தோன்றுபவருக்கு அது இயலாது. ஒருவரையொருவர் அறிந்த சிறுநகரில், நடிகை தான் ஏற்ற பாத்திரமாகவே கருதப்படுவாள். இரண்டாவது, காட்சிப்படுத்தல். படத்தை எடுப்பது தனிமனித முயற்சியாயினும் அதனைக் காட்டுவதற்கு மண்டபமும் அனுமதியும் பாதுகாப்பும் வேண்டும். 1912ஆம் ஆண்டின் பொது அரங்காற்றுகைகள் கட்டளைச்சட்டம் இன்றும் தணிக்கைக்கு அடிப்படையாக நிற்கின்றது. ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பு நடத்தும் திரைப்பட விழா கொழும்பை மையமாகக் கொண்டது. 2013 முதல் சென்னையில் நடந்துவந்த ‘ரீல் டிசையர்ஸ்’ விழாவோ கடலுக்கு அப்பாலுள்ளது. துறைமுக வட்டாரத்துப் பெண்ணுக்குத் தன் படத்தைத் தன் ஊரில் தன் மொழியினருடன் அமர்ந்து காணும் வாய்ப்பே அரிது.

மூன்றாவது தடை கதையமைப்பைச் சார்ந்தது. இப்பொருளில் அமைந்த படைப்புகள் பல தற்கொலையிலோ பிரிவிலோ முடிகின்றன. நிகழ்வுலகில் அத்தகைய மரணங்கள் உண்மையே. 2011இல் நந்திகிராமத்தில் உயிர்நீத்த இரு பெண்களின் உடல்களை ஏற்க அவர்தம் குடும்பங்கள் முன்வராத கொடுமையை, தேபலினாவின் ‘எபோங் பேவாரிஷ்’ (2013) என்ற வங்க ஆவணப்படம் பதிவுசெய்தது. அப்பதிவு அவசியமானது. ஆனால் மரணம் கதைவழக்காக உறைந்துவிடுமாயின், அல்லியின் கழுத்தில் ஏறிய தாலி செய்த வேலையை இங்கு சாவு செய்கின்றது. பார்வையாளர் இரங்கிக் கண்ணீர் விடுவர். அவர்கள் வீடு திரும்பும்போது குடும்ப அமைப்பு சேதமின்றி நிற்கும். இரு பெண்கள் வாடகை கொடுத்து, மீன் வாங்கி, வேலைக்குச் சென்று, முதுமை எய்துவதைக் காட்டும் பத்து நிமிடப் படமொன்று, இறப்பைக் காட்டும் நூறு படங்களினும் கூடிய கேள்விகளை எழுப்பும்.

6. சொல்லும் இடதுசாரி மரபும்

நம் மொழியில் இதற்குச் சொல்லே இல்லையென்ற குரல் தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ (1996) திரைப்படத்திலேயே ஒலித்தது. சொல் இல்லாமை இன்று ஓரளவு நீங்கியுள்ளது. இரு பெண்கள் பாதுகாப்புக் கோரித் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் வழங்கிய கட்டளைகளின் தொடர்ச்சியாக, தமிழ்நாட்டு அரசு 2022இல் கண்ணியமான கலைச்சொற்களை அரசிதழில் வெளியிட்டது. ஈழத்தில் ‘சமபாலுறவு’, ‘தன்பாலீர்ப்பு’ ஆகியன வழங்குகின்றன. செயலை மட்டும் குறிக்கும் சொல்லினும் ஈர்ப்பைக் குறிக்கும் சொல் மேலானது. குற்றவியற் சட்டம் செயலையே காணும், இலக்கியமோ மனிதரைக் காணவேண்டியது. ஆயினும் வீட்டிலும் சந்தையிலும் வழங்கும் சொற்கள் பட்டியல்களிலிருந்து பிறப்பதில்லை. மக்கள் பேசும் உரையாடலிலிருந்தே அவை பிறக்கும். குறும்படம் அவ்வுரையாடலை ஊர்வழக்கிற் பதிவுசெய்ய வல்லது.

முற்போக்காளராகிய நாம் இவ்விடயத்தில் நீண்டகாலம் வாளாவிருந்தோம். வர்க்கப் போராட்டம் முதன்மையானது, ஏனையவை பின்னர் தீரும் என்றும், இது மேலைத்தேய முதலாளித்துவச் சீரழிவின் இறக்குமதி என்றும் வாதங்கள் கேட்கின்றன. மார்க்சிய இயக்க வரலாறே இவற்றுக்கு மறுமொழி கூறும். 1898இல் ஜேர்மானியப் பாராளுமன்றத்தில் தன்பாலுறவைத் தண்டிக்கும் சட்டப்பிரிவுக்கு எதிராகப் பேசியவர் சமூக ஜனநாயகத் தலைவர் ஓகஸ்ட் பேபல். புரட்சிக்குப் பிந்திய ரஷ்யாவின் 1922ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அதனைக் குற்றப்பட்டியலில் சேர்க்கவில்லை. 1934இல் ஆண்களின் உறவு மீண்டும் குற்றமாக்கப்பட்டது. குடும்பமும் தாய்மையும் அரசின் தூண்களாக மீண்டும் போற்றப்பட்ட காலமும் அதுவே. 1960களில் தன்பாலீர்ப்பாளரைத் தொழில் முகாம்களுக்கு அனுப்பிய கியூபா, 2022இல் பொதுவாக்கெடுப்பின் மூலம் அவர்களது திருமணத்தை அங்கீகரித்தது. இறக்குமதி எதுவென்று கேட்பின், 1883ஆம் ஆண்டுச் சட்டமே இறக்குமதி.

மறுபுறத்தில், அடையாளத்தை வர்க்கத்திலிருந்து பிரித்தெடுக்கும் தாராளவாதப் பார்வையையும் நாம் ஏற்றுக்கொள்ளல் இயலாது. கொழும்பின் வசதியான குடியிருப்பில் வாழ்பவருக்கும், நாட்கூலிக்கு வேலைசெய்து மூவறை வீட்டில் எண்மருடன் வாழ்பவருக்கும் ‘வெளிப்படுத்தல்’ ஒரே பொருளுடையதன்று. முன்னவருக்குத் தனியறை உண்டு. பின்னவருக்கு வீட்டை இழப்பதென்பது உணவை இழப்பதுமாகும். ஆகவே சட்டத் திருத்தம், மணமாகாப் பெண்ணின் வீட்டுரிமை, நிலையான தொழில், கண்காணிப்பற்ற பொதுவெளி ஆகிய கோரிக்கைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை.

முடிவுரை

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஒருகாலத்தில் நாவலையும் புதுக்கவிதையையும் சிறுகதையையும் ஆய்வுக்குரிய பொருளாக ஏற்பதற்கே வாதிட வேண்டியிருந்தது. குறும்படத்தையும் அவ்வாறே ஏற்கும் காலம் வந்துவிட்டது. அதற்கான பணிகள் தெளிவானவை: கிழக்கில் உருவாகும் குறும்படங்களை, படைப்போரின் சம்மதத்துடனும் அவர்தம் அடையாளத்தைக் காத்தும், ஆவணப்படுத்தல்; அழைக்கப்பட்ட அவையினருக்கான திரையிடல்களையும் கலந்துரையாடல்களையும் ஒழுங்குசெய்தல்; வகுப்பறையில் அகப்பாடலையும் அல்லி கதையையும் ‘தத்தை விடு தூது’ நூலையும் இப்படங்களோடு சேர்த்துக் கற்பித்தல்; 365அ பிரிவை நீக்கக் கோரும் குரலில் இணைதல்.

ஆவணம் இல்லாதவிடத்து வரலாறும் இல்லையெனக் கருதும் பழக்கத்தையும் ஆய்வாளர் கைவிடல் வேண்டும். செரில் டன்யே 1996இல் எடுத்த ‘த வோட்டர்மெலன் வுமன்’ என்ற படத்தில், வரலாற்றேடுகள் மறந்த ஒரு கறுப்பின நடிகையைக் கற்பனையாற் படைத்து, அத்தகையோர் ஏன் பதிவாகவில்லை என்ற கேள்வியை வரலாற்றாசிரியரை நோக்கியே திருப்பினார். திருகோணமலையின் அடுக்களைகளிலும் மீன்வாடிகளிலும் பாடசாலை விடுதிகளிலும் ஒருவரையொருவர் நேசித்து வாழ்ந்த பெண்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. தலைவியின் காதலுக்காக ஈராயிரம் ஆண்டுகளாகப் பேசிய தோழி, தன் காதலைத் தானே கூறுவதற்கான சாதனம் இப்போதுதான் அவள் கைக்கு வந்துள்ளது. அவள் பேசும்போது அதனைக் கேட்பதற்கான அவையை அமைப்பது நம் கடன்.